‘டிக்’ என்று மட்டும் கேட்ட மூன்று வாரம்

பினாங்குத் தீவிலிருந்து வரும் ஃபெர்ரி பட்டர்வொர்த் துறையில் அணைந்து, ஊழியர் தடுப்பை விலக்கும்போது, சுற்றி நிற்கும் அத்தனை மோட்டார் சைக்கிள்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உயிர்பெறும். இப்போது அந்த ஃபெர்ரியில் கார்கள் ஏறுவதில்லை. நடந்து வருவோரும் சைக்கிள், மோட்டார் சைக்கிள்காரர்களும் மட்டுமே பயணம் செய்வதால், வரிசையில் ஒரு வண்டி நின்றுவிட்டால் பின்னால் இருக்கும் எல்லாரும் நிற்க வேண்டியதுதான். கடந்த ஆண்டு ஒரு மாலை, அந்த ஒரு வண்டி என்னுடையதாக இருந்தது. ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினேன். இருக்கைக்கு அடியிலிருந்து ‘டிக்’ என்று ஒரே ஓர் ஓசை வந்தது. மறுபடியும் அழுத்தினேன், மறுபடியும் ஒரே ஒரு ‘டிக்’. ஊழியர் ஓடி வந்து “தோலாக், தோலாக்” என்று சொல்லிப் பின்னாலிருந்து தள்ள, இரண்டாம் கியரில் கிளட்ச்சை விட்டதும் வண்டி உறுமிக் கிளம்பியது.

அது 1996-இல் ஜப்பானில் செய்யப்பட்ட 250 சிசி வண்டி, இரட்டைச் சிலிண்டர். நம் மலேசியச் சாலைகளை நிறைத்திருக்கும் கப்சாய் எனப்படும் சிறிய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றுக்கு உதைக்கும் கட்டை உண்டு. பொத்தான் வேலை செய்யாத நாளில் காலால் ஓர் உதை விட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். அதனாலேயே அவற்றின் மின்சார ஸ்டார்ட்டர் பழுதாகி ஆண்டுக்கணக்காகியும் பலர் அதைக் கவனிப்பதில்லை. என் வண்டிக்கு உதைக்கட்டை கிடையாது. பொத்தான் போனால் தள்ளுவது ஒன்றே வழி, ஆகவே இந்தப் பழுதை முழுதாகப் புரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் எனக்கு வந்தது. மூன்று வாரமும் 300 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேலும் செலவழித்து நான் கற்றுக்கொண்டதைப் பழைய வண்டி வைத்திருக்கும் மற்றவர்களுக்காக விரிவாக எழுதி வைக்கிறேன்.

அந்த மூன்று வாரமும் பெரும்பாலும் ஊகத்திலேயே போயிற்று. நான் வண்டியைக் கொண்டுபோன கடையில் ஓசையைக் கேட்டவுடனே பேட்டரி போய்விட்டது என்றார்கள். புதுப் பேட்டரி போட்டேன். இரண்டு நாள் ஒழுங்காகக் கிளம்பியது, மூன்றாம் நாள் மீண்டும் ‘டிக்’. அடுத்து ஸ்டார்ட்டர் ரிலே, அதாவது ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச், என்றார்கள். அதையும் மாற்றினேன், ஓசை மட்டும் சற்றுக் கனமாகக் கேட்டது. கடைசியில் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிப் பிரித்துக் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். பிரஷ்கள் நல்ல நீளத்தில் இருந்தன. துடைத்து மாட்டிக் கூலி வாங்கிக்கொண்டார்கள். மூன்று பாகங்களும் பழுதாகக்கூடியவைதான், அவர்கள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இந்த மூன்றில் எது என்று தீர்மானிக்க ஒருவரும் ஓர் அளவுகூட எடுக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

பட்டர்வொர்த்துக்கு அருகே பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையின் மின்பராமரிப்புப் பிரிவில் முப்பது ஆண்டு வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவர் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறார். எல்லாரும் அவரை அண்ணன் என்றே கூப்பிடுவோம். அவரிடம் போய், “அண்ணே, பேட்டரி புதுசு, ரிலே புதுசு, மோட்டாரும் நல்லா இருக்குதாம், ஆனா வண்டி எடுக்க மாட்டேங்குது” என்றேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “பொத்தானை அழுத்திக்கிட்டு இருக்கும்போது பேட்டரியில எத்தனை வோல்ட் நிக்குது தம்பி?” என்பது. அழுத்திக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும் என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஸ்டார்ட்டரில் இரண்டு மின்பாதைகள் உள்ளன. விரல் படும் பொத்தானின் வழியாக ஓடுவது மெல்லிய வயர்ப் பாதை. அதில் ஓடும் சில ஆம்பியர் மின்னோட்டம் ரிலேக்குள் இருக்கும் சுருளைக் காந்தமாக்குவதோடு தன் வேலையை முடித்துக்கொள்ளும். காந்தமான சுருள் உள்ளே ஒரு செப்புத் தகட்டை இழுத்து இரண்டு கனத்த முனைகளை இணைக்கும். அந்தத் தகடு மோதும் ஓசையே நாம் கேட்கும் ‘டிக்’. அதன் பிறகு பேட்டரியின் நேர்முனையிலிருந்து ரிலே வழியாக ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும், மோட்டாரின் உடலிலிருந்து எஞ்சின் வழியாக எர்த் வயரில் ஏறிப் பேட்டரியின் எதிர்முனைக்கும் பெரிய மின்னோட்டம் ஓடும். இப்படிப்பட்ட வண்டிகளில் அது 80 ஆம்பியரை எளிதில் எட்டும். ஆகவே பொத்தானை அழுத்தியும் ஓசையே வரவில்லையென்றால் மெல்லிய பாதையைத் தேட வேண்டும். ஓசை வந்து மோட்டார் சுழலவில்லையென்றால் தேட வேண்டியது கனத்த பாதையை. மோட்டார் மட்டும் ‘விர்’ரென்று சுழன்று எஞ்சின் அசையாமல் கிடந்தால் மின்சாரத்தின் மேல் குறை இல்லை, மோட்டாரை எஞ்சினோடு இணைக்கும் ஸ்டார்ட்டர் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள்.

ஓசையிலும் இரண்டு வகை உண்டு என்பதை அண்ணன்தான் சொன்னார். ‘டிக்டிக்டிக்டிக்’ என்று பல்லி கத்துவதைப்போல விடாமல் அடித்தால், ரிலே ஒட்டியதும் பேட்டரியின் மின்னழுத்தம் தடாலென்று விழுகிறது. விழுந்ததும் சுருளின் பிடி தளர்ந்து தகடு விலகுகிறது. விலகியதும் மின்னழுத்தம் ஏறி மறுபடி ஒட்டுகிறது. பெரும்பாலும் அது பேட்டரி, அல்லது பேட்டரி முனையிலேயே உள்ள இளக்கம். ஒரே ‘டிக்’ கேட்டுப் பிறகு அமைதியாக இருந்தால், ரிலே ஒட்டி அப்படியே நிற்கிறது, சுருளைப் பிடித்துவைக்கும் அளவுக்குப் பேட்டரியில் வலு இருக்கிறது என்று பொருள். என் வண்டி முதல் நாளே, ஃபெர்ரியிலேயே, பேட்டரி மேல் குற்றம் இல்லை என்று சொல்லிவிட்டது. தள்ளியதும் உடனே கிளம்பியதால் பெட்ரோலும் ஸ்பார்க்கும் சரி என்பதையும் சொல்லியிருந்தது. அதைக் கேட்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் மாலை அண்ணன் வீட்டு முன் தளத்தில் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, இருக்கையைக் கழற்றினோம். அவரிடம் இருந்தது ஒரு சாதாரண மல்டிமீட்டர். அதை நேர்மின்னழுத்தம் அளக்கும் நிலையில் 20 வோல்ட்டுக்குத் திருப்பினார். அந்த நிலையைப் பார்க்காமல் ஆம்பியர் துளையில் வயரைச் செருகி வைத்துப் பேட்டரியின் இரு முனைகளிலும் தொட்டால் மீட்டருக்குள் ஃபியூஸ் எரியும், கையும் சுடக்கூடும் என்பதால், தொடுமுன் ஒவ்வொரு முறையும் அவர் அதைக் கண்ணால் சரிபார்த்துக்கொண்டார்.

பொத்தானைத் தொடாதபோது பேட்டரியில் 12.7 வோல்ட். ஓய்வில் இருக்கும் ஈய அமிலப் பேட்டரிக்கு 12.6-க்கு மேல் என்றால் நிறைந்திருக்கிறது என்று கொள்ளலாம், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போய்விட்டால் சார்ஜ் செய்யாமல் மற்ற எதையும் சோதிப்பதில் பயனில்லை. ஆனால் இந்த எண் பேட்டரி சும்மா இருக்கும்போது கிடைப்பது. பாரம் ஏறும்போது அது எப்படி நடந்துகொள்ளும் என்பதை இது சொல்லாது. நல்ல பேட்டரியாக இருந்தால் ஸ்டார்ட்டர் சுழலும்போது 10 வோல்ட்டுக்கு அருகிலோ அதற்கு மேலோ நிற்கும். 9-க்கும் கீழே சரிந்தால் ஓய்வில் 12.7 காட்டினாலும் அதை நம்பக்கூடாது. நான் பொத்தானை அழுத்தினேன். ‘டிக்’. மீட்டரில் 11.8 நின்றது. மோட்டார் திணறும்போதும் பேட்டரி இவ்வளவு தாராளமாக நிற்கிறதென்றால் அதனிடமிருந்து போதுமான மின்னோட்டத்தை யாரும் வாங்கவில்லை. வழியில் ஏதோ ஒன்று தடுக்கிறது.

அடுத்து மீட்டரின் சிவப்பு முனையை ஸ்டார்ட்டர் மோட்டாரின் திருகிலும் கறுப்பு முனையை அதே மோட்டாரின் உடலிலும் வைத்து அழுத்தினோம். 7.9 வோல்ட். பேட்டரி 11.8 கொடுக்கிறது, மோட்டாருக்கு 7.9 வந்து சேர்கிறது. இடையில் 3.9 வோல்ட் காணாமல் போகிறது. போனது எங்கே என்று கண்டுபிடிக்க வயரை எங்கும் கழற்ற வேண்டியதில்லை என்பதுதான் இந்த முறையின் அழகு. பேட்டரியின் நேர்முனையில் ஒரு கம்பி, மோட்டாரின் திருகில் மற்றொரு கம்பி வைத்துப் பொத்தானை அழுத்தினால், நேர்ப்பக்கத்தில் எவ்வளவு இழக்கிறோம் என்பது நேராக வந்துவிடும். அங்கே 0.3 வோல்ட். இரண்டு கனத்த வயர், ஒரு ரிலே, நான்கு திருகு உள்ள பாதைக்கு அது நியாயமான இழப்பு. அரை வோல்ட்டுக்குள் இருந்தால் கவலை வேண்டாம் என்றார் அண்ணன். பிறகு கறுப்பு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் சிவப்பு முனையை எஞ்சினின் வெறும் அலுமினியத்திலும் வைத்தோம். எல்லாம் ஒழுங்காக இருந்தால் அங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. எங்களுக்கு 3.6 காட்டியது.

அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட உணர்வை இன்னும் நினைவில் வைத்திருக்கிறேன். மூன்று வாரமாகப் பேட்டரி, ரிலே, மோட்டார் என்று சுற்றிச் சுற்றி வந்த பழுது, யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு கறுப்பு வயரில் இருந்தது. அந்த எர்த் வயரை மூன்று துண்டாகப் பிரித்து அளந்தோம். பேட்டரி முனைக்கும் வயரின் லக்குக்கும் (வயர் நுனியில் நசுக்கிப் பிடித்த, திருகு மாட்டும் உலோகத் துண்டு) இடையே 0.1. எஞ்சின் பக்கத்து லக்குக்கும் எஞ்சினுக்கும் இடையே 0.1. ஒரு லக்கிலிருந்து மறு லக் வரை, அதாவது வயரில் மட்டும், 3.4 வோல்ட். அண்ணன் என் கையைப் பிடித்து எஞ்சின் பக்கத்து லக்கின் கழுத்தில் வைத்தார். ஐந்தாறு முறை பொத்தானை அழுத்தியதிலேயே அது நன்றாகச் சுட்டது. 80 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் 3.4-ஐ அதனால் பெருக்க 272 வாட் ஆகிறது. ஏறக்குறைய மூன்று 100 வாட் குண்டு பல்புகள் அளவுக்கான வெப்பம் அந்த விரல் கனக் கழுத்துக்குள் எரிந்துகொண்டிருந்தது.

எதிர்முனையை முதலில் விடுவித்து வயரைக் கழற்றி, கறுப்பு உறையைக் கத்தியால் நீளவாக்கில் கீறினோம். வெளியே உறை பளபளவென்று புதிதாகத்தான் இருந்தது. உள்ளே, லக்கை நசுக்கிப் பிடித்த இடத்தில் செப்பு இழைகள் கறுத்துப்போய், அவற்றின் நடுவே பச்சை நிறத்தில் பொடி பூத்திருந்தது. விரலால் தேய்த்ததும் பல இழைகள் பொடியோடு பொடியாக உதிர்ந்தன. பளிச்சென்ற செம்பாக மிஞ்சியவை மிகச் சில. கடற்காற்றிலேயே தினமும் இரண்டு முறை நீர்த்துறையைக் கடக்கும் வண்டி அது. மழைநீர் லக்கின் வாய் வழியாக இறங்கி, இழைகளுக்கிடையே தந்துகிக் குழாயில் ஏறுவதைப்போல ஏறிப் பல ஆண்டுகளாக உள்ளேயே தங்கியிருக்கிறது.

இந்த இடத்தில் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுக்கு விடை சொல்ல வேண்டும்: மல்டிமீட்டரின் ஓம் நிலையில் வைத்து வயரைச் சோதித்தால் தெரியாதா? தெரியாது. நானே கழற்றிய வயரை அப்படிச் சோதித்துப் பார்த்தேன். 0.2 ஓம் காட்டியது, மீட்டரின் இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டாலும் அதே 0.2 காட்டியது. 80 ஆம்பியரில் 3.4 வோல்ட்டை விழுங்குவதற்கு 0.04 ஓம் தடையே போதும், சாதாரண மீட்டரின் கண்ணுக்கு அது தென்படாது. ‘பீப்’ ஓசை எழுப்பும் சோதனை இன்னும் மோசம். ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் அது மகிழ்ச்சியோடு ஒலிக்கும். அந்த ஓர் இழை மீட்டரின் சொற்ப மின்னோட்டத்தைத் தாங்கும், ஸ்டார்ட்டரின் பாரத்தைத் தாங்காது. ஆகையால் கனத்த பாதையைப் பாரம் ஏற்றி, மின்னழுத்த இழப்பாகத்தான் அளக்க வேண்டும். புதுப் பேட்டரி இரண்டு நாள் வேலை செய்ததன் காரணமும் இப்போது விளங்கியது: அதன் கூடுதல் வலு இந்தத் தடையைச் சில நாள் மீறித் தள்ளியிருக்கிறது.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் 16 சதுர மில்லிமீட்டர் வயரும் இரண்டு செப்பு லக்குகளும் வாங்கி, அண்ணனின் கருவியால் நசுக்கி, வாயைப் பசையுள்ள சுருங்கு குழாயால் மூடினோம். எஞ்சினில் திருகு உட்காரும் இடத்தை மணல்தாளால் வெண்மை தெரியும்வரை தேய்த்தோம். செலவு 20 வெள்ளிக்குள் முடிந்தது. பொத்தானைத் தொட்டவுடன் எஞ்சின் சுழன்ற வேகம் நான் வண்டியை வாங்கிய நாளிலிருந்தே கேட்டிராதது. எர்த் பக்கத்து இழப்பு 0.15 வோல்ட்டாக இறங்கியிருந்தது.

நான்கு மாதம் கழித்து, அக்டோபர் மழையில் நனைந்த மறுநாள் காலை, அதே வண்டி வேறு விதமாக நின்றது. இந்த முறை ‘டிக்’ கூட இல்லை. ஹாரன் அடித்தது, நியூட்ரல் விளக்கு எரிந்தது. இப்போது தேட வேண்டியது மெல்லிய பாதை என்று எனக்கே தெரிந்தது. அந்தப் பாதையில் ஃபியூஸ், சாவி சுவிட்ச், எஞ்சினை நிறுத்தும் சிவப்பு சுவிட்ச், பொத்தான், கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச், பக்க ஸ்டாண்டு சுவிட்ச் என்று ஒரு சங்கிலியே இருக்கிறது. இவற்றின் வரிசை வண்டிக்கு வண்டி மாறும். முன்பக்க விளக்கை வைத்து முடிவு செய்வதிலும் கவனம் வேண்டும். சில வண்டிகளில் ஸ்டார்ட்டர் பொத்தானே விளக்கை அணைத்துவிட்டுத்தான் ரிலேக்கு மின்சாரம் கொடுக்கும். அது தெரியாதவர்கள் விளக்கு அணைவதைப் பார்த்துப் பேட்டரி இறந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள்.

வயரின் நிறங்களைத் தெரிந்துகொள்வது இங்கே பெரிய உதவி. பழைய ஜப்பானிய வண்டிகளில் எர்த் வயர் ஹோண்டாவில் பச்சை, யமஹாவில் கறுப்பு, சுசுகியில் கறுப்பில் வெள்ளைக்கோடு, கவாசாகியில் கறுப்பில் மஞ்சள்கோடு. சாவியைத் திருப்பியபின் மின்சாரம் வரும் வயர் ஹோண்டாவில் கறுப்பு என்பதை மறந்து, யமஹாவில் பழகிய கையோடு அதை எர்த்தில் இணைத்து ஃபியூஸை எரித்தவர்கள் உண்டு.

12 வோல்ட் சோதனை விளக்கின் கவ்வியை எர்த்தில் மாட்டி, ரிலேயில் தொடங்கிப் பின்னோக்கி நடந்தேன். ரிலேயின் மெல்லிய வயரில் விளக்கு எரியவில்லை. பொத்தானுக்கு வரும் வயரிலும் இல்லை. சிவப்பு சுவிட்ச்சுக்குள் நுழையும் வயரில் பளிச்சென்று எரிந்தது, வெளியேறும் வயரில் இல்லை. பல வண்டிகளில் அந்த சுவிட்ச்சின் வழியாகத்தான் ஸ்டார்ட்டர் பொத்தானுக்கே மின்சாரம் போகிறது. ஆண்டுக்கணக்காக யாரும் அசைக்காமல் ஒரே நிலையில் கிடப்பதால் அதன் தொடுதகடுகளில் பாசி படிவதைப்போலக் கறை படிந்துவிடும். கைப்பிடியின் கூட்டைத் திறக்கும்போது கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். உள்ளே அரிசி அளவில் ஒரு ஸ்பிரிங்கும் மிளகு அளவில் ஓர் இரும்புக் குண்டும் இருக்கின்றன, அவை துள்ளி விழுந்தால் தேடுவது கடினம். தகடுகளை மென்மையான மணல்தாளால் இரண்டு இழுப்பு இழுத்து, காண்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்ததும் வண்டி கிளம்பியது. அன்றிலிருந்து வாரம் ஒருமுறை அந்த சுவிட்ச்சைப் பத்துத் தடவை இப்படியும் அப்படியும் தட்டிவிடுகிறேன்.

ரிலேயின் இரு கனத்த முனைகளைத் திருப்புளியால் இணைத்துச் சோதிக்கும் வழக்கம் நம் பட்டறைகளில் பரவலாக இருக்கிறது. அதனால் மோட்டார் நல்லதா என்று தெரியும் என்பது உண்மை. ஆனால் அந்தத் தீப்பொறி பெட்ரோல் தொட்டிக்கும், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவிடும் பேட்டரிக்கும் ஒரு சாண் தூரத்தில் பறக்கிறது. வண்டி கியரில் இருந்தால் அப்படியே முன்னால் பாயவும் செய்யும். மீட்டர் வைத்து அதே விடையைப் பெற முடியும்போது அந்த ஆபத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்டார்ட்டர் சரியான பின்பும் பேட்டரி மெல்ல வற்றிக்கொண்டிருந்தால் சார்ஜ் ஆகும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் 1992 முதல் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கை எரிக்க வேண்டும் என்பது சட்டம். உயிர்காக்கும் சட்டம் அது, குறை சொல்வதற்கில்லை. ஆயினும் 55 வாட் விளக்கு ஒன்று நாலரை ஆம்பியரை விடாமல் இழுத்துக்கொண்டிருக்கும். பழைய வண்டி நெரிசலில் ஊர்ந்து போகும்போது, எஞ்சின் சுழற்சியில் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் கொடுப்பது அதற்கே சரியாகப் போய்விடும். எஞ்சினை 5000 சுற்றுக்கு உயர்த்தி அளந்தால் பேட்டரி முனையில் 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் வர வேண்டும். 15-ஐத் தாண்டினால், மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய ரெகுலேட்டர் பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது என்று பொருள்.

என் வண்டியில் போன மாதம் 13.3 மட்டுமே வந்தது. ஆல்டர்னேட்டரிலிருந்து மேலே வரும் மூன்று வயர்களின் இணைப்பியைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு முனையைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி, ஓரம் உருகி வழிந்திருந்தது. பழைய எர்த் வயரின் கழுத்தில் நடந்த அதே கதை இங்கேயும் தொடங்கியிருக்கிறது. இணைப்பியை வெட்டி எறிந்துவிட்டு மூன்று வயர்களையும் நேராகப் பற்றவைத்துவிடலாம் என்கிறார் அண்ணன். அடுத்த ஞாயிறு அவர் வீட்டு முன் தளத்தில் மறுபடியும் இருக்கையைக் கழற்றப் போகிறோம்.